கம்பியில்லா அச்சுப்பொறி: வியாபாரிகள் அறிய வேண்டியவை

பட்டர்வொர்த்திலும் அக்கரையில் பினாங்கிலும் தொழில் செய்யும் நம்மவரில் பலர், பகலில் கடையும் இரவில் வீட்டிலே கணக்குமாகக் காலம் கழிப்பவர்கள். முன்பு பேரேட்டில் இருந்தவை யாவும் இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் மாறிவிட்டன. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, மின்பட்டியல் முறையும் படிப்படியாக நடப்புக்கு வந்தது. வரிக் கணக்குக்கான ஆதாரங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கல்லாவில் வரும் சுருள் தாளோ வெப்பம் பட்டால் மங்கிவிடும். ஆதலால் முக்கியமானவற்றை நல்ல தாளில் அச்சிட்டு வைப்பது நன்று. வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே அச்சுப்பொறி போதும். அதை அமைக்கும் முறையைக் கீழே தருகிறோம்.

முதலாவது, இடம். வைஃபை ரூட்டரிலிருந்து இரண்டு வகை அலைகள் வருகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் சுவரைக் கடந்து செல்வதில் 2.4 கிகாஹெர்ட்ஸே மேல். வீட்டு அச்சுப்பொறிகள் பலவும் இந்த இரண்டாவதை மட்டுமே ஏற்கும். ரூட்டர் இரண்டு பெயர்களைக் காட்டினால் 2.4க்கு உரியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. அச்சுப்பொறியின் திரையில் வைஃபை பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை இட வேண்டும். திரை இல்லாதவற்றை, அந்தந்தக் கம்பெனியின் கைப்பேசிச் செயலி மூலம் இணைக்கலாம்.

மூன்றாவது, சாதனங்கள். கணினியின் அமைப்புகளில் ‘பிரிண்டர் சேர்’ என்ற இடத்தில் அதன் பெயரைக் காணலாம். ஐபோனில் 2010 முதல் ஏர்பிரிண்ட் வசதி உண்டு. தனிச் செயலி வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டுக்கு, கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய கம்பெனிகள் 2013இல் கூடி நிறுவிய மோப்ரியா முறை உதவுகிறது. வாங்கும்போதே இவ்விரண்டு பெயர்களும் பெட்டியில் உள்ளனவா என்று பார்த்து வாங்குக.

இனி, அடிக்கடி கேட்கும் ஒரு குறை: “நேற்று அச்சிட்டது, இன்று ‘ஆஃப்லைன்’ என்கிறது!” இதன் காரணம் பெரும்பாலும் எளிது. ரூட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. மின்சாரம் நின்று வந்தால் அந்த எண் மாறக்கூடும். கணினியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். வீடு மாறியவரைப் பழைய விலாசத்தில் தேடுவது போன்றதே இது. ரூட்டர் அமைப்பில் அச்சுப்பொறிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான விஷயம் பாதுகாப்பு. 2018 நவம்பரில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான அச்சுப்பொறிகளில், முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய துண்டறிக்கை தானாக அச்சாகி வெளிவந்தது. அவை இணையத்துக்குத் திறந்து கிடந்ததே காரணம். பணமாற்று வியாபாரியிடம் வாடிக்கையாளரின் பாஸ்போர்ட் நகல் இருக்கும். மொத்த வியாபாரியிடம் பிறரது கடன் கணக்கு இருக்கும். இவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

ஆகவே அச்சுப்பொறியுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுக. கடைக்கு வருவோருக்கு வைஃபை கொடுப்பதாயின் ‘விருந்தினர்’ இணைப்பைத் தனியே அமைத்துக் கொடுக்க. அச்சுப்பொறி அதில் சேராதிருக்கட்டும். நம் கைப்பேசி தவறி அதில் சேர்ந்திருந்தாலும் அச்சுப்பொறி தென்படாது என்பதையும் நினைவில் வைக்க. பழைய அச்சுப்பொறியை விற்குமுன் அதன் நினைவை முற்றிலும் அழித்துவிடுக; வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதற்குள் இருக்கிறது.

வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்க. ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலைதான். கணக்கும் ஒழுங்காகும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் நிலைக்கும்.