சவ்வும் சட்டகமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் என்னும் ஊர் உண்டு. அங்கே குன்றினைச் சூழ்ந்து ஒரு பழங்கோட்டை நிற்கிறது. அதன் மதில் தன் கனத்தாலும் திண்மையாலுமே நிலைத்துள்ளது. அதனைப் பிறிதொன்று உள்ளிருந்து பற்றி நிற்க வேண்டுவதில்லை.

நம் உடம்பு எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சவ்வு சூழ்ந்துள்ளது. அச்சவ்வினையும் கோட்டை மதில் போன்றது என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. சவ்வு கொழுப்புப் பொருளால் ஆகிய இரட்டைப் படலம். எண்ணெய் போல் நெகிழும் இயல்பினது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் உண்டாகும். இத்துணை மெல்லிய படலம் கிழியாது உயிரணுவைக் காப்பது எங்ஙனம்? உயிரணுவின் உள்ளே புரத இழைகளால் ஆகிய சட்டகம் ஒன்று உண்டு. அச்சட்டகம் சவ்வினைப் பற்றியிருத்தலாலேயே சவ்வு வலிமை பெறுகிறது.

இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்றது குருதியில் உள்ள சிவப்பணு. அது இருபுறமும் நடுவே குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 7.5 மைக்ரான், 1000 மைக்ரான் கொண்டது ஒரு மில்லிமீட்டர். ஏறக்குறைய 120 நாள் வாழும் அவ்வணு, தன்னினும் குறுகிய நுண்குழாய்களில் மீண்டும் மீண்டும் நுழைந்து செல்ல வேண்டும். மண்ணீரலிலோ ஒரு மைக்ரான் அகலமும் இல்லாத பிளவுகளின் வழியே அது புகுந்து வெளிவர வேண்டும். நெருக்குண்ட பொழுது நீண்டு வளைகிறது. வெளிவந்ததும் பழைய வடிவத்தை அடைகிறது.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் மீனவர் வலைகளை உலர்த்தியிருப்பதைக் காணலாம். வலை வளையும், நீளும், சுருங்கும். ஆயினும் முடிச்சுகள் உறுதியாக இருத்தலின் அது உருக்குலைவதில்லை. சிவப்பணுச் சவ்வின் உட்புறத்தே இத்தகைய வலையொன்று விரிந்துள்ளது. அவ்வலையின் நூல் ஸ்பெக்ட்ரின் என்னும் புரதம். ஆக்டின் என்னும் மற்றொரு புரதத்தின் குறுந்துண்டுகள் அதன் முடிச்சுகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு முடிச்சிலும் ஏறத்தாழ ஆறு நூல்கள் கூடுகின்றன.

ஸ்பெக்ட்ரின் பெயர் பெற்ற வரலாறு சுவையுடையது. செந்நிறப் பொருள் நீங்கியபின் எஞ்சும் வெளிறிய சிவப்பணுச் சவ்வினை அறிவியலார் ‘பேய்’ என்று வழங்குவர். 1968ஆம் ஆண்டில் மார்ச்செசி என்பாரும் அவர் துணைவரும் அச்சவ்வினின்று இப்புரதத்தைப் பிரித்தெடுத்து, பேயுருவைக் குறிக்கும் சொல்லினின்றே அதற்குப் பெயர் அமைத்தனர்.

வலை மட்டும் இருந்தால் போதுமோ? சவ்வோடு பிணைக்கப்பெறாத வலையால் பயனில்லை. சவ்வினை ஊடுருவி நிற்கும் புரதங்கள் சில உண்டு. அவற்றோடு ஸ்பெக்ட்ரின் நூலைப் பிணிப்பது அங்கிரின் என்னும் புரதம். பென்னெட், ஸ்டென்பக் என்னும் இருவர் 1979இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். படகினை நங்கூரம் நிறுத்துவது போல இது சவ்வினை வலையோடு நிறுத்துகிறது.

இப்பிணைப்புத் தளர்ந்தால் நேரும் கேடு பெரிது. சிலர்க்குப் பிறவியிலேயே அங்கிரின் அல்லது ஸ்பெக்ட்ரின் குறைவாகவோ பழுதுற்றோ அமைந்துவிடுகிறது. அந்நிலையில் வலையின் பற்றினை இழந்த சவ்வுப் பகுதிகள் சிறுசிறு குமிழிகளாகக் கழன்று போகின்றன. உள்ளிருக்கும் பொருள் பெரிதும் குறையாது சவ்வின் பரப்பு மட்டும் குறைதலால், தட்டுப் போன்ற அணு உருண்டை வடிவம் அடைகிறது. தளர நெல் பெய்த சாக்கினை மடக்கிக் குறுகிய வாயிலினுள் நுழைத்துவிடலாம். பிதுங்கத் திணித்த சாக்கினை அவ்வாறு செய்ய இயலுமோ? உருண்டை அணுவும் மண்ணீரலின் பிளவில் நுழைய மாட்டாது அங்கே சிக்கி அழிகிறது. அதனால் குருதிச் சோகையும் மஞ்சள் காமாலையும் தோன்றுகின்றன, மண்ணீரல் வீங்குகிறது. நோய் கடுமையாயின் மருத்துவர் மண்ணீரலை அகற்றுவதும் உண்டு. அகற்றிய பின்னும் அணுக்கள் உருண்டையாகவே இருக்கும்; ஆயினும் சிக்கி அழியும் இடம் நீங்குதலின் நெடுநாள் வாழும்.

தசையிலும் இத்தகைய பிணைப்பு உண்டு. அங்கே ஆக்டின் இழைகளைச் சவ்வோடு பிணிப்பது டிஸ்டிரோபின் என்னும் புரதம். 1987இல் அறியப்பட்ட இப்புரதம் இன்றிப் பிறக்கும் ஆண் குழந்தைகள் உளர். அவர்தம் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்பொழுதும் சவ்வு ஊறுபடுகிறது. தசை நார்கள் நாளடைவில் மடிகின்றன. பெரும்பாலோர் 12 வயதை எட்டும் அளவில் நடக்கும் ஆற்றலை இழக்கின்றனர். இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் கைவரவில்லை. ஒரு பிணைப்புப் புரதத்தின் குறைவு ஒரு சிறுவனின் நடையையே பறிக்குமாயின், அப்பிணைப்பின் அருமையை என்னென்பது!

சட்டகம் சவ்வினைத் தாங்குவதோடு அமைந்துவிடுகிறதோ? சவ்வு ஒரு நெகிழ்பரப்பு என்றும், அதில் புரதங்கள் மிதந்து திரிகின்றன என்றும் சிங்கர், நிக்கல்சன் என்போர் 1972இல் விளக்கினர். பின்னர் நம் நாட்டு அறிஞர் சிலர் இதனை மேலும் ஆராய்ந்தனர். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சார்ந்த சத்யஜித் மேயரும், இயற்பியல் அறிஞர் மதன் ராவும், அவர்தம் குழுவினரும் 2008ஆம் ஆண்டிலும் 2012ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. சவ்வின் மேற்புறத்துப் புரதங்கள் சில சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. அவற்றைச் சேர்ப்பது சவ்வின் அடியிலுள்ள ஆக்டின் இழைகளின் இயக்கமே என்று அவர்கள் காட்டினர். மயோசின் என்னும் புரதம் ஆற்றலைச் செலவிட்டு இழைகளை இழுக்கிறது. இழைகள் விண்மீன் வடிவில் ஓரிடத்தே குவிய, மேலுள்ள புரதங்களும் உடன் ஈர்க்கப்படுகின்றன. இழைகள் கலையக் கூட்டமும் கலைகிறது. ஆகவே சட்டகம் சவ்வினைத் தாங்குவதோடு அதனை ஒழுங்குபடுத்தவும் செய்கிறது என்பது பெறப்பட்டது. மேயர் 2012ஆம் ஆண்டிற்குரிய இன்ஃபோசிஸ் பரிசினைப் பெற்றார்.

மாணவர்களே! சவ்வு தனித்து நில்லாது. சட்டகமும் சவ்வினைப் பற்றாவிடின் பயன்படாது. இரண்டினையும் இணைக்கும் சிறு பிணைப்பிலேயே உயிரணுவின் நலம் அடங்கியுள்ளது. பெரியனவற்றைத் தாங்கி நிற்பன பல வேளைகளில் கண்ணுக்குப் புலனாகாத சிறியனவே என்பதை உணர்வீர்களாக.

பயிற்சி

1. உயிரணுச் சவ்வு கோட்டை மதிலினின்று எவ்வாறு வேறுபடுகிறது?
2. அங்கிரின் என்னும் பெயரின் பொருத்தத்தை விளக்குக.
3. உருண்டை வடிவச் சிவப்பணு மண்ணீரலில் அழிவது ஏன்?
4. ஆக்டின் இழைகள் சவ்வின் புரதங்களை ஒன்றுசேர்க்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.