பாறை ஏடுகள்

எழுத்தமைதி கண்டு சுவடியின் காலத்தைக் கணிப்பது தமிழ்த்துறை மாணவர் அறிந்த முறையே. நிலத்துக்கும் அத்தகைய சுவடி உண்டு. அதனைப் படிக்கும் துறை அடுக்கியல்.

அதன் முதல் விதி எளியது: குலைவுறாத படிவுகளில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது. டென்மார்க்கில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டேனோ 1669-இல் இதனை விதியாக வகுத்தார். அவருக்கு ஆறு நூற்றாண்டு முன்னரே இப்னு சீனா (980-1037) 'ஷிஃபா' என்னும் பெருநூலில், மலைகளில் அடுக்கடுக்காய்ப் படிவு அமைவதையும், கடலுயிர்களின் எச்சம் கல்லாகிக் கிடப்பதையும் ஆராய்ந்தார். நாமோ அவரை மருத்துவராக மட்டுமே போற்றுகிறோம்.

இவ்விதியைக் கண்ணாற்காண அரியலூர்ப் பகுதி போதும். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் அங்குள்ள கிரிட்டேசியக் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுபவராகிறார். காரையின் களிமண் ஓடைகளில் தோட்டா வடிவப் பெலம்னைட்டுகள் உதிர்ந்து கிடக்கும். கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லிலோ சிப்பி ஓடுகள் செறிந்துள்ளன. சிமெண்டு ஆலைகள் அதனையே சுடுகின்றன. சுரங்கம் வெட்டுமிடத்தில்தான் அடுக்கு தெளிவாகத் தெரிகிறது, வெட்டப்படுவதும் அவ்வடுக்கே!

இக்கடலைக் களவியலுரை கூறும் கடல்கோளோடு இணைத்து மேடைகளில் முழங்குவோர் உளர். தமிழார்வம் பாராட்டத்தக்கதே, ஆயினும் அக்கூற்று பொருந்தாது. இச்சிப்பிகள் வாழ்ந்தது 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். அன்று மனிதனே இல்லை. பின்னர்ச் சங்கம் ஏது?

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் சுருள் வடிவ அம்மோனைட்டு ஒன்றை என்னிடம் ஆர்வத்தோடு கொணர்ந்தார். எவ்விடத்தில், எந்த அடுக்கில் எடுத்தீர் என வினவினேன். விடையில்லை. நண்பர் கொடுத்தாராம். கட்டிலிருந்து உருவிய ஒற்றை ஏடு எந்நூலினது என அறியாது நாம் திகைப்பதில்லையா? அதே நிலைதான். அடுக்கை விட்டுப் பிரிந்த கல் தன் வயதைத் துல்லியமாய்ச் சொல்லாது. எடுப்பதற்கு முன் இடத்தையும் அடுக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இயலாதெனில் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அந்தக் கல் இன்றும் துறை அலமாரியில் உள்ளது. அதன் சீட்டில் 'அரியலூர்' என்ற ஒரு சொல்லே எழுதப்பட்டுள்ளது.