கோடைக்கு முன் ஒரு பராமரிப்பு

ரயில்வே பணியில் இருந்தபோது, கோடைக்கு முன் தண்டவாள இடைவெளிகளைச் சரிபார்ப்போம். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4.5 மில்லிமீட்டர் நீளும், இடமில்லாவிட்டால் வளைந்துவிடும். அந்தக் கவனத்தை என் உடம்பின்மேல் வைக்கவில்லை. உடன் பணிசெய்த நண்பர் ஓய்வுபெற்ற மறு ஆண்டே பக்கவாதத்தில் படுத்தார். பயந்துபோய்ப் பரிசோதித்தேன், இரத்த அழுத்தம் 160.

இளவேனில் தொடக்கத்தில் மூன்று பழக்கங்களை மாற்றினேன்.

நடை: வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொம்மசந்திராவுக்கு மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்தது. வெயில் ஏறுமுன் அந்த நிலையம்வரை போய்வர 30 நிமிடம். வாரம் ஐந்து நாள்.

உப்பு: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி, சமையலில் சேர்ப்பதும் இதில் அடக்கம். ஊறுகாயும் அப்பளமும் இப்போது ஞாயிறு மட்டும்.

தண்ணீர்: தாகம் எடுக்கும்வரை காத்திருப்பதில்லை.

இப்போது அழுத்தம் 134. மாத்திரையும் தொடர்கிறது, மருத்துவர் சொல்லாமல் அதை நிறுத்தக்கூடாது.

அன்பர்களே, உகாதிக்கு இவ்வூரார் வேப்பம்பூவும் வெல்லமும் உண்பர். சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூப் பச்சடி செய்கிறோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே கொஞ்சம் கசப்பை ஏற்பது நமக்குப் புதிதல்லவே!