எடை மெஷினுக்குத் தெரியாத தொப்பை

ரயில் நிலைய நடைமேடையில் வண்ண விளக்குகள் மினுக்கிக்கொண்டு நின்ற எடை மெஷின் நினைவிருக்கிறதா? காசு போட்டால் ஒரு சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். இரண்டையும் ஒரே மாதிரி நம்பினோம். இன்று அந்த அட்டையின் இடத்தில் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டு எண் உட்கார்ந்திருக்கிறது. செக்கப் ரிப்போர்ட்டில் ‘22 – நார்மல்’ என்று பார்த்துவிட்டால் போதும், நேராக ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சொல்பவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

கணக்கு எளிது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ என்றால் விடை 22.

நம்பிக்கை: உடல்நலத்தை அளக்க டாக்டர்கள் கண்டுபிடித்த கணக்கு இது.

உண்மை: கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே வானியலாளர், புள்ளியியலாளர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர். வளர்ந்தவர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1830களில் கவனித்தார். யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் கவலை அல்ல. பி.எம்.ஐ. என்ற பெயர் 1972இல்தான் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவரது குழுவினரும் வைத்த பெயர் அது. அந்த ஆய்வில் அவர்கள் அளந்ததும் ஆண்களை மட்டுமே. ஆக, கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கைக் கொண்டு தனி ஆளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை: 25க்குக் கீழே இருந்தால் கவலையில்லை.

உண்மை: நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். 25 என்ற எல்லை பெரும்பாலும் வெள்ளையர் உடல்களை வைத்துப் போடப்பட்டது. நம்மவர்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் ஒருமித்து, 23ஐத் தொட்டால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று எல்லையைக் கீழே இறக்கினார்கள். பல வெயிட் மெஷின்களின் செயலிகளுக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

எல்லையை இறக்கினாலும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்குமே பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் இருந்த கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இருவரும் ஒன்று. கல்லீரலுக்கும் கணையத்துக்கும் அப்படியில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் உடலை முரண்டு பிடிக்க வைப்பது. கை கால் ஒல்லி, நடுவில் மட்டும் பானை என்று இருக்கும் நம் மாமா, சித்தப்பாக்களின் உடல்வாகு இதுதான். சென்னையில் உள்ள ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி, இந்தியர்களில் பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். தொப்பைக் கணக்கில் பார்த்தால் 39.5 சதவீதம்.

நம்பிக்கை: பேன்ட் சைஸ் 34, அப்படியென்றால் என் இடுப்பளவும் 34.

உண்மை: பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. பத்து வருடமாக சைஸ் மாறவில்லை என்று பெருமைப்படுபவர்கள், பெல்ட் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்க்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் அது திருட்டுக் கணக்கு. இந்திய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ., பெண்களுக்கு 80.

டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் வயிற்றைச் சுற்றி வந்து முனை சேர வேண்டும். என் நூல் நான்கு விரற்கடை போதவில்லை. அரைஞாண் கயிறு கட்டுபவர்களுக்கு நூல்கூட வேண்டாம்; கயிறு இறுகும்போதே விஷயம் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் பி.எம்.ஐ.யைத் தூக்கிக் குப்பையில் போடலாம்.

உண்மை: வேண்டாம். கபடி வீரருக்குத் தசையால் 27 வரலாம். நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர் “எனக்கும் தசைதான்” என்று சொல்லிக்கொள்ள முடியாது. பி.எம்.ஐ. 40ஐத் தாண்டினால் கூடுதல் கொழுப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2025இல் லான்செட் அமைத்த வல்லுநர் குழுவே சொன்னது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு, பி.எம்.ஐ.யோடு இடுப்பளவு போன்ற இன்னொரு அளவும் வேண்டும் என்றது. வயதானவர்களுக்குத் தசை கரைந்து கொழுப்பு ஏறினாலும் எண் அசையாமல் நிற்கும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணை பொருந்தாது.

அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது உயரமும் எடையும் மட்டும் குறித்துவிட்டு அனுப்பினால், இடுப்பையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அரை நிமிட வேலைதான்.