எந்திரம் படிக்கும் உரை

நுழையும்முன்

சொல்லாமலே விளங்கும் செய்திகள் ஊரறிந்தவர்க்கு மட்டுமே விளங்கும். புதியவர்க்கு அவற்றை எழுதிக்காட்ட வேண்டும். இன்று அப்புதியவர் வரிசையில் கணினியும் சேர்ந்துள்ளது. இசையமைப்பு மென்பொருளைச் செயற்கை நுண்ணறிவு இயக்குவதற்கு மொழித்திறன் எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊர் அறிந்தது

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து மலைச்சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவிக்குச் செல்கிறது. நெடுங்காலம் சாலையின்றி இருந்த அச்சிற்றூரில், மக்கள் ஊருக்குள் காலணி அணிவதில்லை. அங்குப் பிறந்த குழந்தைக்கு இதை எவரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. முதன்முறை வரும் பயணிக்கோ, பாதையின் திருப்பங்களை மட்டும் சொல்லி இவ்வழக்கத்தைச் சொல்லாது விட்டால், அவர் வழிதவறாமல் வந்தும் முறைதவறிவிடுவார். ஆகவே, நல்ல வழிக்குறிப்பில் செல்லும் வழியோடு செய்யத்தகாததும் இடம்பெற வேண்டும். மென்பொருளுக்கு எழுதும் விளக்கத்துக்கும் இதுவே விதி.

இசைக்கூடத்தில் கணினி

வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று உரையாட, 1983இல் ‘மிடி’ என்னும் பொதுநெறி உருவானது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. 1989இல் சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தது. மின்னணு இசை தமிழர் வீடுதோறும் ஒலித்த காலம் அது. இன்று பதிவுசெய்தல், வெட்டுதல், ஒட்டுதல், ஒலிச்சமன் செய்தல் ஆகிய அனைத்தும் ஒரே மென்பொருளுக்குள் நிகழ்கின்றன.

நமக்காகச் செயல்களை நிறைவேற்றும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை ‘முகவர்’ என்பர். முகவரைப் பிற மென்பொருள்களோடு இணைக்கும் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன்பின், ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற இசை மென்பொருள்களை முகவர் இயக்குவதற்கான கருவித்தொகுப்புகளைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதி வெளியிட்டனர். ‘வேகத்தைக் குறை’ என்று நாம் சொன்னால், முகவர் உரிய கருவியைத் தேர்ந்து இயக்கும். எதைக் கொண்டு தேர்கிறது? கருவியின் பெயர், அதன் பயன், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகள் ஆகியவற்றை விளக்கும் சில வரிகளைக் கொண்டே தேர்கிறது. அவ்வரிகள் சொல்லாததை அது ஊகித்துக்கொள்ளும்; ஊகம் பிழையாகவும் கூடும்.

சிறு விடுபாடு, பெரும் பிழை

நிரல்களில் எண்ணிக்கை பெரும்பாலும் 0இல் தொடங்கும். முதல் தடத்தின் எண் 0. இதை விளக்கம் சொல்லவில்லையெனில், ‘முதல் தடத்தை அழி’ என்ற கட்டளைக்கு முகவர் 1 என்ற எண்ணைத் தரலாம். அழிவது இரண்டாம் தடம். அதில் இருந்தது ஒரு மாணவியின் பாடலாகவும் இருக்கலாம்.

மிடியின் 60ஆம் சுரத்தைச் சில நிறுவனங்கள் ‘சி3’ என்றும், வேறு சில ‘சி4’ என்றும் அழைக்கின்றன. எண்ணைத் தராமல் பெயரை மட்டும் எழுதினால், பாடல் ஒரு ஸ்தாயி ஏறியோ இறங்கியோ ஒலிக்கும்.

கமகம் இதனினும் நுண்ணியது. மிடி எண்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாகவே பிரிக்கின்றன. படிகளுக்கு இடையே சுரத்தை வளைக்க 16,384 நிலைகள் கொண்ட தனிக்கட்டளை உண்டு. அவ்வளைவு எத்தனை அரைச்சுரம் பரவும் என்பதை விளக்கத்தில் குறிக்காவிடில், அசைவு இராகத்தைவிட்டு விலகும். கமகத்துக்கான கருவியே எழுதப்படாவிடில், தோடியும் அசைவற்ற சுரக்கோவையாகிவிடும்.

நன்னூல் காட்டும் வழி

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் குன்றக்கூறலையும் மயங்கவைத்தலையும் பவணந்தியார் சேர்த்துள்ளார். தடத்தின் எண்ணைச் சொல்லாது விட்டது குன்றக்கூறல். சுரப்பெயரை இருபொருள்பட எழுதியது மயங்கவைத்தல். அவர் கூறும் பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் விளங்கவைத்தலும் அடங்கும். கருவி விளக்கம் எழுதுவோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. கருவி என்ன செய்யும், எந்த எல்லைக்குள் எண் தரவேண்டும், அதன் அலகு யாது, பிழை நேர்ந்தால் என்ன விடை வரும், எச்செயலுக்கு முன் மனிதரின் இசைவைப் பெறவேண்டும் என்னும் ஐந்தும் விளக்கத்தில் அமைய வேண்டும்.

தமிழ் மண்ணில் இப்பணி புதிதன்று. வாய்மொழியாக வந்த கீர்த்தனைகளைச் சுரப்படுத்திய சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கும் தனிக்குறியீடுகள் அமைத்தார். அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. குருவின் முன் அமர இயலாத மாணவருக்கும் இசை சென்றுசேர அந்நூல் வழிவகுத்தது. இன்று குருவைக் கேட்டறியாத எந்திரத்துக்காக எழுதுகிறோம். நம் இசையின் நுட்பங்களை அறிந்தவர் எழுதாவிடில், அறியாதவர் எழுதியதே அளவுகோலாகிவிடும். மொழியும் இசையும் ஒருங்கே கற்ற இளைஞர்க்கு இங்கே பணி காத்திருக்கிறது.

சொல்பொருள்

தடம் – ஒரு குரலோ கருவியோ தனித்துப் பதிவாகும் வரிசை. கமகம் – சுரத்தின் அசைவு. இசைவு – ஒப்புதல்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு முதன்முறை வருபவருக்காக, ஊரார் சொல்லாமலே அறிந்த மூன்று செய்திகளைச் சேர்த்து வழிக்குறிப்பு ஒன்று எழுதுக.

2. ‘தடத்தை அழித்தல்’ என்னும் கருவிக்கு ஐந்து வரிகளில் விளக்கம் எழுதுக. அதை நண்பரிடம் கொடுத்து, அதில் உள்ள குன்றக்கூறல், மயங்கவைத்தல் ஆகிய குற்றங்களைக் கண்டறியச் செய்க.