நடுங்கும் வேல்

கேள்வி: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சின்ன லேசர் புரொஜெக்டரால் வேல் வரைகிறோம். கோடுகள் நடுங்குகின்றன. 20கே ஸ்கேனரைக் கழற்றிவிட்டு 30கே போடலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: போடலாம். ஆனால் முதலில் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். 30கே என்றால் நொடிக்கு 30,000 புள்ளிகள். அதுவும் பெரும்பாலும் 8 பாகைக் கோணத்தில் அளந்த கணக்கு. அதே வேகத்தில் அதற்கு மேல் விரித்தால் ஸ்கேனர் திணறும். படம் சிறிதானதும் நடுக்கம் நின்றால், செலவே வேண்டாம்.

மாற்றுவதென்றால் இரண்டு மோட்டார், கண்ணாடி, டிரைவர் போர்டு எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். பழைய போர்டு புது மோட்டாருக்கு ஒத்துவராது. பவர் சப்ளையின் வோல்டேஜையும் பாருங்கள். கண்ணாடி லேசர் கதிரைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். பெரிதானால் கனம் கூடி வேகம் குறையும். பொருத்தியபின் இல்டா (ILDA, பன்னாட்டு லேசர் காட்சிச் சங்கம்) சோதனைப் படத்தை 8 பாகையில் ஓட்டுங்கள். நடு வட்டம் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் உள்ளிருந்து தொட வேண்டும். தொடும்வரை டிரைவரின் திருகுகளை இம்மி இம்மியாகத் திருப்புங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்கேனர் நின்றுபோனால் முழுக் கதிரும் ஒரே புள்ளியில் குவியும், கண் போய்விடும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கும் கூட்டத்தின் மேல் அடிக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேலே, சுவரில் மட்டும் வரையுங்கள்.