நிலப்படம் மறவாத ஏரி

தென்காசிக்கு அருகே அமைந்துள்ள ஊர் இலஞ்சி. அச்சொல்லுக்கு மகிழமரம், குளம் என்னும் பொருள்கள் உண்டு. குற்றால மலைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் குளங்கள் நிறைந்த அந்நாட்டில், குளம் என்னும் பொருளே முதலில் நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயர் போலவே பழைய நிலப்படமும் நீர்நிலையை நினைவூட்டும். சென்னை மாநகரின் படங்களே இதற்குச் சான்று.

1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதன்மேல் எழுந்த முக்கோண அளவை தெற்கே குமரிமுனை வரை நீண்டது.

சென்னையின் பழைய படங்களில் கடல் புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே அலைவீசும். 1876-இல் துறைமுகப் பணி தொடங்கிய பின்னர், வடக்கு நோக்கிச் செல்லும் கடல்மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. கடற்கரை அகன்றது, வடக்கே இராயபுரத்தில் கரை அரிக்கப்பட்டது.

அப்படங்களில் இன்னொரு வியப்பும் உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டதோர் ஏரி காணப்படும். 1909-ஆம் ஆண்டுப் படத்திலும் அது உள்ளது. இன்று அவ்வேரி எங்கே? 1920-களில் அதனைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினர். பெருகும் மக்களுக்கு வீடு வேண்டும் என எண்ணியதில் தவறில்லை. மழைநீருக்கு வேறிடம் வகுக்காமையே குறை. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' இன்றும் உண்டு. அங்கு நின்று பார்ப்பவர்க்கு ஏரிதான் தென்படாது! 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் மாம்பலத்துத் தெருக்களில் நீர் தேங்கி நின்றது.

ஏரியைத் தூர்த்தாலும் நிலத்தின் சரிவு மாறிவிடுமோ? அச்சரிவைக் காட்டுவன சம உயரக் கோடுகள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து, இந்திய நில அளவைத் துறையினர் அவற்றைப் பழுப்பு நிறத்தில் வரைவர். நீர்நிலைகளுக்கு நீலம் தீட்டுவர். மாணவர்களே, உங்கள் வட்டாரப் படத்தை விரித்துப் பாருங்கள். குற்றால மலைப்பக்கம் அக்கோடுகள் நெருங்கிக் கிடக்கும். இலஞ்சி, தென்காசிப் பக்கம் விலகி நிற்கும். நெருங்கிய இடத்தில் நீர் விரைந்து பாயும். விலகிய இடத்தில் அது தங்க இடம் தேடும். அங்கேதான் நம் முன்னோர் குளம் வெட்டினர்.